இரண்டு துறை, ஒரு விண்ணப்பம்: பல்கலைக்கழகத்தில் விதைநிதி வாங்கப் போகிறவர்களுக்கு

முதல் தடவை நான் போட்ட விண்ணப்பத்தை யாரும் படிக்கவே இல்லை. நான்கு மாதம் உட்கார்ந்து எழுதியது. என் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டிருந்தார், கூட்டாளியின் துறைத்தலைவர் போடவில்லை. 'இரு துறைகளின் ஒப்புதலும் இணைக்கப்படவில்லை' என்று ஒரே வரியில் மின்னஞ்சல் வந்தது, அவ்வளவுதான். மறு வருடம் கையெழுத்தெல்லாம் சரியாக இருந்தது, திட்டத்தின் அளவும் பட்ஜெட்டும் சரியாக இல்லை. மூன்றாவது தடவைதான் கிடைத்தது.

இந்த மூன்று வருடத்தில் தெரிந்துகொண்டதில் பாதி எந்த அறிவிப்பிலும் இருக்காது. ஆய்வு அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர் யாரையாவது கேட்டால்தான் உண்டு. இலக்கியம், வரலாறு, மெய்யியல், மொழியியல் மாதிரி மானுடப் புலத்தில் இருந்துகொண்டு, வேறு துறை ஆள் ஒருவரோடு சேர்ந்து முதல்முதலாக விதைநிதிக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விதைநிதி என்பது பல்கலைக்கழகம் தன் சொந்தப் பணத்திலிருந்து தன் ஆட்களுக்கே கொடுக்கும் சிறு தொகை. ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை வருடத்துக்குள் செலவழிக்கச் சொல்வார்கள். சில இடங்களில் ஆய்வு அலுவலகம் கொடுக்கும், சில இடங்களில் டீன் அலுவலகமோ மானுடப் புல மையமோ கொடுக்கும். யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து விதிகள் மாறும். அதனால் முதல் வேலை படிப்பது.

1. அறிவிப்பை மூன்று தடவை படியுங்கள்

முதல் தடவை ஆசையில் படிப்போம், எல்லாம் நமக்காகவே எழுதினது மாதிரி இருக்கும். இரண்டாவது தடவை பேனாவோடு படியுங்கள். மூன்றாவது தடவை கூட்டாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். அவர் கண்ணுக்குப் படுவது வேறாக இருக்கும்.

முதன்மை ஆய்வாளராக யார் இருக்கலாம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒப்பந்தப் பணியில் இருப்பவர்கள், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்கள் பல இடங்களில் இணை ஆய்வாளராக மட்டுமே வர முடியும். நிதிக்காலம் முடிகிறவரை உங்கள் பணிக்காலம் இருக்கிறதா என்றும் கேட்பார்கள். அடுத்து, 'இரண்டு துறை' என்று எதைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். வரலாறும் இலக்கியமும் சேர்ந்தால் போதுமா, இல்லை வேறு புலத்து ஆள் கட்டாயமா? இந்த ஒரு வரியைத் தவறாகப் புரிந்துகொண்டு கூட்டாளியையே மாற்ற வேண்டி வந்தவர்கள் உண்டு.

எதற்கெல்லாம் செலவு செய்யக்கூடாது என்ற பத்தி பெரும்பாலும் கடைசியில் இருக்கும். அதைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். கணினி, தளவாடம், வெளிநாட்டு மாநாட்டுப் பயணம், புத்தக அச்சுச் செலவு, முதன்மை ஆய்வாளருக்கே ஊதியம் போன்றவை பல திட்டங்களில் கிடையாது.

கடைசித் தேதியில் ஒரு பொறி இருக்கிறது. அறிவிப்பில் உள்ள தேதி ஆய்வு அலுவலகத்துக்கு. அதற்கு முன்னால் துறையில் ஒரு தேதி, புலத்தில் ஒரு தேதி என்று உள்ளே தனியாக இருக்கும், அதை யாரும் அச்சடித்துக் கொடுக்க மாட்டார்கள். துறை அலுவலகத்தில் வாய்விட்டுக் கேளுங்கள். பத்து வேலை நாள் முன்னதாக வேண்டும் என்று சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் அந்த அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். எனக்கு இரண்டு வருடம் கூச்சமாக இருந்தது, ஏதோ முட்டாள்தனமாகக் கேட்டுவிடுவோமோ என்று. அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தப்பான விண்ணப்பம் வந்தால்தான் வேலை கூடும், அதனால் பொறுமையாகவே பதில் சொல்வார். கேட்டதையும் சொன்னதையும் அன்றைக்கே மின்னஞ்சலாக அவருக்கு எழுதி, 'நான் புரிந்துகொண்டது சரிதானே' என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முன்பு வாங்கியவர்களின் விண்ணப்பங்களைப் பார்க்கக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். நிறையப் பேர் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். வெற்றிபெற்ற ஒரு விண்ணப்பத்தைப் படிப்பது பத்து அறிவுரை கேட்பதற்குச் சமம்.

2. கூட்டாளியோடு உட்கார்ந்து பேசுங்கள், எண்ணிக்கையோடு

என் திட்டம் பழைய குடும்பக் கடிதங்களைப் பற்றியது. அவற்றில் யாருக்குக் காய்ச்சல், எப்போது, எத்தனை நாள் என்பதெல்லாம் இருக்கும். அதைக் கொண்டு, பதிவேடுகளில் ஏறாமல் போன நோய்க்காலங்களைத் தேட முடியுமா என்பது யோசனை. கூட்டாளி புள்ளியியல்காரர். முதல் சந்திப்பில் அவர் கேட்ட முதல் கேள்வி:

"எத்தனை கடிதம் இருக்கு?"

"நிறைய இருக்கு."

"நிறையன்னா எத்தனை?"

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கட்டுகளை ஆறு வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எண்ணியதே இல்லை. அடுத்த இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணினேன். 1,140 கடிதம். தேதி தெளிவாக இருந்தது அதில் 312-இல் மட்டும். மற்றதில் 'வெள்ளிக்கிழமை' என்றோ 'நேற்று வந்து சேர்ந்தோம்' என்றோதான் இருந்தது. அந்த 312-ஐச் சொன்னதும் அவர் முகம் மாறியது. தேதி இல்லாத கடிதம் அவருக்குத் தரவே இல்லை. எனக்கோ தேதி போடாமல் அவசரத்தில் எழுதின கடிதத்தில்தான் விஷயமே இருந்தது.

இந்தப் பேச்சு விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னால் நடந்தது என் அதிர்ஷ்டம். பணம் வந்த பிறகு நடந்திருந்தால் சண்டையாகியிருக்கும். ஒரே சொல் இரண்டு துறையில் இரண்டு பொருளில் ஓடிக்கொண்டிருக்கும். 'தரவு', 'மாதிரி', 'ஆதாரம்', 'முடிவு' என்ற நான்கு சொல்லையும் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் என்ன பொருள் கொள்கிறீர்கள், அவர் என்ன பொருள் கொள்கிறார் என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒரு மணி நேர வேலைதான். பிற்பாடு விண்ணப்பத்தின் ஆய்வுமுறைப் பகுதியில் பாதி அந்தத் தாளிலிருந்தே வந்துவிடும்.

அப்புறம், கூச்சப்படாமல் பேச வேண்டியது யாருக்கு என்ன கிடைக்கும் என்பது. மானுடப் புலத்தில் தனியாக எழுதிய புத்தகத்துக்குத்தான் மதிப்பு. கணினியியலில் மாநாட்டுக் கட்டுரைக்கு நல்ல மதிப்பு உண்டு. அறிவியல் பக்கம் ஒரே கட்டுரையில் எட்டுப் பேர் பெயர் இருக்கும், யார் முதல் யார் கடைசி என்பதற்குப் பொருள் உண்டு. உங்களுக்கு மூன்று வருடம் கழித்து ஒரு நூல் வந்தால் போதும், அவருக்கு அடுத்த பதவி உயர்வுக்குள் இரண்டு கட்டுரை வேண்டும். இதைப் பேசாமல் விட்டால் எட்டாவது மாதத்தில் அவர் உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் போட மாட்டார்.

ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்: எந்தக் கட்டுரையில் யார் பெயர் முதலில், தரவு யாரிடம் இருக்கும், ஒருவர் வேறு பல்கலைக்கழகம் போய்விட்டால் என்ன செய்வது. யார் என்ன வேலை செய்தார் என்று பிரித்துச் சொல்ல 'கிரெடிட்' (CRediT) என்று ஒரு வகைப்பாடு இருக்கிறது. கருத்துருவாக்கம், தரவுப் பராமரிப்பு, முதல் வரைவு எழுதுதல் என்று 14 பங்குகள். நிறைய இதழ்கள் இப்போது அதைக் கேட்கின்றன, அதையே எடுத்துப் பயன்படுத்தலாம்.

3. கேள்வியைச் சின்னதாக்குங்கள்

இரண்டாவது தடவை நான் தோற்றதற்குப் பெரிய காரணம் பேராசை. 1,140 கடிதத்தையும் படியெடுத்து, தரவுத்தளம் கட்டி, இணையத்தில் ஏற்றி, ஒரு நூலும் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன், 12 மாதத்தில். மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது: 'இது ஐந்து வருட வேலை.' உண்மைதான்.

விதைநிதி கொடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இந்தச் சின்னத் தொகையைப் போட்டால் நாளைக்கு நீங்கள் வெளியே போய்ப் பெரிய மானியம் கொண்டுவருவீர்களா என்பதுதான் அது. அளவு புரிய ஓர் உதாரணம்: ஐரோப்பிய ஆய்வுக் கவுன்சிலின் தொடக்கநிலை மானியம் ஐந்து வருடத்துக்கு 15 லட்சம் யூரோ வரை. அதற்கு விண்ணப்பிக்கும்போது 'இது நடக்கும் என்று எப்படித் தெரியும்' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கான பதிலைத் தயார்செய்யத்தான் விதைநிதி. பெரிய ஆய்வை அதில் செய்து முடிக்கப் பார்த்தால் இரண்டும் கெடும்.

உங்கள் கேள்வி சரியான அளவா என்று பார்க்க ஒரு வழி: 'இல்லை' என்ற பதிலும் வரக்கூடிய கேள்வியா அது? 'கடிதங்களில் நோய் எவ்வாறு பேசப்படுகிறது' என்பதற்கு இல்லை என்ற பதிலே வராது. மூன்றாவது தடவை நான் எழுதியது இது: 'தேதியுள்ள 200 கடிதங்களை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்தால், காய்ச்சல் பற்றிய குறிப்புகளை ஒரே மாதிரி அடையாளம் காண்கிறார்களா?' காணவில்லை என்றால் பெரிய திட்டமே வீண், அதையும் விண்ணப்பத்திலேயே சொன்னேன். 'வீண் என்று தெரிந்துகொள்வதும் பயன்தான்' என்று ஒரு மதிப்பீட்டாளர் குறிப்பு எழுதியிருந்தார்.

4. ஆவணங்களைச் சேருங்கள்

வழக்கமாகக் கேட்பவை இவை. இருவரின் தன்விவரம், பெரும்பாலும் தலா இரண்டு பக்கம். திட்ட விவரம் மூன்று முதல் ஐந்து பக்கம். பட்ஜெட்டும் அதற்கு விளக்கமும். கால அட்டவணை. இரு துறைத்தலைவர்களின் கடிதம். தரவை எங்கே, எப்படி வைத்துக் காப்போம் என்று சொல்லும் தரவு மேலாண்மைத் திட்டம். ஆய்வால் யாருக்கும் கெடுதல் வராது என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், அல்லது விண்ணப்பித்திருக்கிறோம் என்ற உறுதிமொழி. ஆவணக்காப்பகமோ நூலகமோ தனியார் சேகரிப்போ பயன்படுத்தினால் அவர்களுடைய அனுமதிக் கடிதம். ஆர்சிட் எண் கேட்டால் பயப்பட வேண்டாம், அது ஆய்வாளர்களுக்கான 16 இலக்க அடையாள எண், இலவசம், ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடலாம்.

இவற்றில் உங்கள் கையில் இல்லாதவை அனுமதிக் கடிதமும் நெறிமுறை ஒப்புதலும்தான். அவற்றை முதல் வாரமே தொடங்குங்கள். உங்கள் கட்டுரையை நீங்கள் ராத்திரி முழித்து முடித்துவிடலாம். நெறிமுறைக் குழு மாதம் ஒரு தடவைதான் கூடும் என்றால் அதற்கு என்ன செய்ய முடியும்?

'நான் செத்துப்போனவர்களின் கடிதம்தானே படிக்கிறேன், எனக்கு எதற்கு நெறிமுறைக் குழு' என்று நானும் கேட்டேன். கடிதம் எழுதியவர் இல்லை, அதில் பெயர் வரும் குழந்தை இன்றைக்கு உயிரோடு இருக்கலாம். யாரோ ஒருவருக்கு இருந்த நோய் அதில் எழுதியிருக்கும். நேர்காணல் எடுப்பதாக இருந்தால் பேச்சே இல்லை, ஒப்புதல் படிவம், பதிவு எங்கே இருக்கும், எத்தனை வருடம், அவர் பின்னால் மனம் மாறினால் எப்படி நீக்குவது என்று எல்லாம் எழுத வேண்டும். விலக்கு கிடைக்கும் என்று உங்களுக்குத் தோன்றினாலும் அதை நீங்களே முடிவு செய்யாதீர்கள், குழுவிடமிருந்து 'விலக்கு' என்று எழுத்தில் வாங்குங்கள்.

பதிப்புரிமையில் (காப்பிரைட்) புதியவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. கடிதத் தாள் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு அதில் எழுதியிருக்கும் வாசகத்தின் மேல் உரிமை இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி ஆசிரியர் இறந்த பிறகு குறைந்தது 50 வருடம், பல நாடுகளில் 70 வருடம். ஆக, காப்பகம் கொடுக்கும் அனுமதி பார்ப்பதற்கும் படமெடுப்பதற்கும்தான். இணையத்தில் போட வேறு அனுமதி வேண்டியிருக்கலாம். விண்ணப்பத்தில் 'அனைத்தும் திறந்த அணுக்கத்தில் வெளியிடப்படும்', அதாவது யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்று ஆர்வத்தில் எழுதிவிட்டுப் பிறகு முழிக்காதீர்கள். எதை வெளியிட முடியுமோ அதை மட்டும் சொல்லுங்கள். நான் கடித வாசகத்தை விட்டுவிட்டு, குறிப்புகளின் அட்டவணையை மட்டும் வெளியிடுவதாக எழுதினேன்.

5. பட்ஜெட்: முதலில் பத்துக் கடிதம்

பட்ஜெட்டை மேலிருந்து போடாதீர்கள். அதாவது, உச்சவரம்பு இவ்வளவு, அதை நான்காகப் பிரிப்போம் என்று உட்காராதீர்கள். நான் இரண்டாவது தடவை அப்படித்தான் செய்தேன், எல்லாத் தலைப்பிலும் பூஜ்யத்தில் முடியும் எண்கள். வாசித்தவருக்கு உடனே தெரிந்திருக்கும்.

கீழிருந்து போடுங்கள். மூன்றாவது தடவை நான் பத்துக் கடிதத்தை எடுத்து, கடிகாரம் பார்த்துப் படியெடுத்தேன். ஏழரை மணி நேரம் ஆனது. கடிதத்துக்கு 45 நிமிடம். 1,140 கடிதத்துக்கு 855 மணி நேரம். அதற்கு முந்தைய வருடம் அதே வேலைக்கு 200 மணி நேரம் என்று எழுதியிருந்தேன்! 200 கடிதம் என்றால் 150 மணி நேரம், இரண்டு பேர் தனித்தனியாகக் குறியிட மேலும் 100. இந்தக் கணக்கை அப்படியே விளக்கத்தில் எழுதினேன். 'பத்துக் கடிதத்தில் சோதித்துப் பார்த்தோம்' என்ற வாக்கியத்துக்கு இருக்கும் பலம் எந்த மேற்கோளுக்கும் கிடையாது.

நேர்காணல் என்றால் ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். பலர் சேர்ந்து பேசினாலோ வட்டார வழக்கு அடர்த்தியாக இருந்தாலோ அதற்கும் மேலே. மென்பொருள் எழுத்தாக்கித் தரும் என்றாலும் திருத்த ஆள் வேண்டும், அந்த நேரத்தையும் போடுங்கள்.

கையெழுத்தைக் கணினியே படிக்கும் என்று நம்பி வருகிறவர்கள் இப்போது அதிகம். ட்ரான்ஸ்க்ரிபஸ் போன்ற கருவிகள் நன்றாகவே படிக்கின்றன, பொய்யில்லை. ஆனால் புதிய கையெழுத்துக்குப் பழக்க முதலில் நீங்களே 5,000 முதல் 15,000 சொல் வரை சரியாகப் படியெடுத்துக் கொடுக்க வேண்டும். கடிதத்துக்கு 200 சொல் என்று வைத்தால் 25 முதல் 75 கடிதம். என் கடிதக் கட்டுகளில் பதினேழு பேரின் கையெழுத்து இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்து, கையாலேயே செய்வது என்று முடிவெடுத்தேன்.

சேமிப்பிடத்தை எல்லோரும் மறப்பார்கள். ஏ4 பக்கம் ஒன்றை 400 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 400 புள்ளி) வண்ணத்தில், சுருக்காமல் டிஃப் (TIFF) படக்கோப்பாக எடுத்தால் சுமார் 46 மெகாபைட். 4,000 பக்கத்துக்கு 185 ஜிகாபைட் வரும். மூன்று பிரதி வைக்க வேண்டும், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். கடைசியில் தரவைச் செனோடோ போன்ற பொதுக் களஞ்சியத்தில் வைப்பதாக இருந்தால், அங்கே ஒரு பதிவுக்கு வழக்கமாக 50 ஜிகாபைட்தான் வரம்பு. அதனால் எதை அங்கே வைப்பது, எதைப் பல்கலைக்கழகச் சேமிப்பகத்தில் வைப்பது என்று பிரித்து எழுதுங்கள். பல்கலைக்கழகம் இலவசமாக எவ்வளவு தருகிறது என்று கணினிப் பிரிவைக் கேட்டுவிட்டுத்தான் பணம் கேட்க வேண்டும். இருப்பதற்கே காசு கேட்டால் மதிப்பீட்டாளருக்கு எரிச்சல் வரும்.

மற்ற செலவுகளில் கவனிக்க வேண்டியவை சில. மென்பொருள் சந்தா வருடக்கணக்கில் வரும், உங்கள் திட்டம் 14 மாதம் என்றால் இரண்டு வருடச் சந்தா கட்ட வேண்டியிருக்கும். காப்பகங்கள் பட நகலுக்குப் பக்கக் கணக்கில் கட்டணம் வாங்கும், அதை வெளியிடத் தனிக் கட்டணம். பொருள் வாங்குவதாக இருந்தால் எத்தனை கொட்டேஷன் வேண்டும் என்று கொள்முதல் பிரிவில் கேளுங்கள். கொட்டேஷன் காலாவதியாகும், நிதி வரும்போது விலை மாறியிருக்கும். 'இதர செலவு' என்ற தலைப்பைச் சில இடங்களில் அனுமதிக்கவே மாட்டார்கள். நிர்வாகச் செலவு என்று பல்கலைக்கழகம் ஒரு பங்கைப் பிடிக்குமா என்பதையும் கேளுங்கள். உள்நிதிக்குப் பெரும்பாலும் பிடிக்க மாட்டார்கள், ஆனால் பிடிக்கிற இடமாக இருந்து நீங்கள் விட்டுவிட்டால் அந்த ஓட்டை உங்கள் தலையில்தான் விழும்.

ஆள் எடுப்பதில் நேரக் கணக்கு முக்கியம். ஆய்வு உதவியாளரை நியமிக்க விளம்பரம், நேர்காணல், ஒப்பந்தம், சம்பளப் பட்டியலில் பெயர் ஏற்றுவது என்று சாதாரணமாக இரண்டு மாதம் ஓடிவிடும். என் அட்டவணையில் முதல் மாதமே உதவியாளர் படியெடுக்கத் தொடங்குகிறார் என்று இருந்தது. உண்மையில் அவர் வந்து உட்கார்ந்தது மூன்றாவது மாதம் முடிகிற நேரத்தில்.

6. எழுதும்போது

உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கப்போகிறவர் பெரும்பாலும் உங்கள் துறையும் இல்லை, உங்கள் கூட்டாளியின் துறையும் இல்லை. உள் குழுவில் ஒரு சட்டப் பேராசிரியர், ஒரு உயிரியல் பேராசிரியர், ஒரு இசைத்துறை ஆள் இருக்கலாம். மாலை நேரத்தில், முப்பது விண்ணப்பத்துக்கு நடுவில் படிப்பார்கள். முதல் பத்தியிலேயே கேள்வி என்ன, எதை வைத்துப் பதில் தேடுகிறீர்கள், கடைசியில் கையில் என்ன இருக்கும் என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள்.

துறையிடைத் திட்டங்களில் மதிப்பீட்டாளர்கள் தேடிப் பிடிப்பது ஒன்றை: கூட்டாளி உண்மையிலேயே இருக்கிறாரா, பெயருக்கு இருக்கிறாரா? அவர் பெயர் பட்ஜெட்டிலும் தன்விவரத்திலும் மட்டும் வந்து, திட்ட விவரத்தில் எங்கேயும் வரவில்லை என்றால் மாட்டிக்கொண்டீர்கள். அவர் எழுதிய பத்தி ஒன்றாவது உள்ளே இருக்கட்டும், நடை கொஞ்சம் மாறினாலும் பரவாயில்லை. 'புள்ளியியல் இல்லாமல் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது, கடிதம் படிக்கத் தெரியாமல் இதற்குப் பதிலே சொல்ல முடியாது' என்கிற மாதிரி ஓர் இடம் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும்.

முடிந்ததும் மூன்றாவது துறை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, படித்துவிட்டு மூடி வைத்துவிட்டு என்ன புரிந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்பது கஷ்டம். கேளுங்கள்.

7. நாட்காட்டி

கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி 12 வாரம் எண்ணுங்கள். 12-வது வாரம் கூட்டாளியோடு பேச்சு, நெறிமுறைக் குழுவுக்கும் காப்பகத்துக்கும் கடிதம். 9-வது வாரத்துக்குள் பத்துக் கடிதச் சோதனை, அல்லது உங்கள் வேலைக்கு ஏற்ற அதே மாதிரி ஒன்று. 7-வது வாரம் முதல் வரைவும் பட்ஜெட்டும். 5-வது வாரம் நண்பரிடம் படிக்கக் கொடுப்பது. 4-வது வாரம் துறைத்தலைவர்களிடம் வரைவைக் கொடுத்து, எந்தத் தேதியில் ஊரில் இருப்பார்கள் என்று கேட்டு வைப்பது. கடைசி இரண்டு வாரம் முழுக்கக் கையெழுத்துக்கும் கோப்பு சரிபார்ப்புக்கும்.

பன்னிரண்டு வாரம் இல்லையென்றால்? ஆறு வாரம் இருந்து, அனுமதிக் கடிதம் ஏற்கெனவே கையில் இருந்தால் போடலாம். இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் அடுத்த சுற்றுக்கு விட்டுவிடுங்கள். அரைகுறையாகப் போட்டதை அதே குழு அடுத்த வருடமும் நினைவு வைத்திருக்கும்.

8. சமர்ப்பிப்பது

கடைசி நாள் காத்திருக்க வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள், யாரும் கேட்பதில்லை. நான் சொல்வது சின்ன விஷயங்கள். இணையப் படிவத்தில் நேரடியாகத் தட்டாதீர்கள், கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் அது உங்களை வெளியே தள்ளிவிடும், எழுதியதெல்லாம் போய்விடும். வேறு கோப்பில் எழுதி ஒட்டுங்கள். சொல் வரம்பா எழுத்து வரம்பா என்று பாருங்கள், எழுத்து வரம்பில் இடைவெளியும் சேரும். பிடிஎஃப் அளவு வரம்பைத் தாண்டினால் படங்களைச் சுருக்குங்கள். சமர்ப்பித்ததும் வரும் ஒப்புகை எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கூட்டாளிக்கு ஒரு பிரதி.

9. முடிவு வந்த பிறகு

கிடைக்கவில்லை என்றால் மதிப்பீட்டாளர் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள், கேட்டால்தான் கொடுப்பார்கள். ஒரு வாரம் அதைத் திறக்காதீர்கள். துறையிடை விண்ணப்பங்களில் ஒருவர் 'போதுமான கோட்பாடு இல்லை' என்பார், இன்னொருவர் 'கோட்பாடு அதிகம்' என்பார். இருவருக்கும் பதில் சொல்ல முயல வேண்டாம். இருவரும் ஒரே பத்தியில் இடறியிருந்தால் அந்தப் பத்தி தெளிவாக இல்லை என்று அர்த்தம், அதைத் திருத்துங்கள். பட்ஜெட்டைப் பற்றி யார் சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிடைத்துவிட்டால், வாழ்த்துகள், அடுத்த தாள் வேலை தொடங்குகிறது. திட்டத்துக்கான கணக்கு எண் திறக்கிறவரை ஒரு ரூபாய் கூடக் கைக்காசு போடாதீர்கள், அதற்கு முந்தைய தேதியிட்ட பில்லைத் திருப்பித் தர மாட்டார்கள். நெறிமுறை ஒப்புதல் கைக்கு வராமல் முதல் நேர்காணலை எடுக்காதீர்கள், எடுத்தால் அந்தப் பதிவைப் பயன்படுத்தவே முடியாமல் போகலாம். ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்குப் பணம் மாற்ற எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நிதியாண்டு எப்போது முடிகிறது என்று தெரிந்து வையுங்கள். உங்கள் திட்டத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கலாம், பணத்துக்கு ஐந்து வாரம்தான் இருக்கலாம். காலநீட்டிப்பு கேட்பதாக இருந்தால் முடியும் தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கேளுங்கள்.

பெரிய மானியத்துக்கான விண்ணப்பத்தை எட்டாவது மாதம் எழுதத் தொடங்குங்கள், திட்டம் முடியட்டும் என்று இருக்காதீர்கள். வெளி நிதியமைப்புகள் விண்ணப்பத்தை வாங்கி முடிவு சொல்ல ஆறு மாதம், ஒரு வருடம் கூட ஆகும். அதுவரை உதவியாளருக்குச் சம்பளம் கிடையாது, அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். பதினேழு பேரின் கையெழுத்தைப் படிக்கப் பழகிய ஆளை இழந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

கடைசியாக, பில். அச்சு இயந்திரத்திலிருந்து உருட்டித் தரும் வழவழப்பான ரசீதுகள் சில மாதத்தில் வெளுத்துவிடும். இறுதி அறிக்கையோடு இணைக்க நான் உறையைத் திறந்தபோது உள்ளே பதினொரு வெள்ளைத் தாள் இருந்தது. காப்பகக் கட்டண ரசீதுகள் அவை. மறுபிரதி கேட்டு ஒவ்வொன்றாக எழுதி வாங்க ஆறு வாரம் ஆனது, இரண்டு கிடைக்கவே இல்லை, அந்தத் தொகையை நானே கட்டினேன். வாங்கிய அன்றைக்கே போனில் படமெடுத்து, தேதி, தலைப்பு, தொகை மூன்றையும் கோப்பின் பெயரிலேயே போட்டு வையுங்கள்.